கையால் சுற்றிய ஒலி ட்ரான்ஸ்போமரும் அதன் காந்தக் காப்பும்: வெள்ளவத்தை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய ஒலித்தொகுதி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள பழைய வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாகசுரம், வாய்ப்பாட்டு, மேடை நாடகப் பதிவுகள் எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்த எல்பி இசைத்தட்டுகளைக் கணினியில் பதிவுசெய்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கென்றே நல்லதொரு டேர்ன்டேபிளும், டெனொன் டிஎல்-103 என்ற அசையும் சுருள் வகைக் காட்ரிஜும் (ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பாகம்) வாங்கியிருந்தார். காட்ரிஜ் தரும் மிகச் சிறிய சமிக்ஞையைப் பத்து மடங்காக உயர்த்துவதற்கு, முன்பு வேறொருவர் கையால் சுற்றிக்கொடுத்த இரண்டு ட்ரான்ஸ்போமர்கள் அலுமினியப் பெட்டியொன்றினுள் இருந்தன.

அவர் இரண்டு குறைகளைச் சொன்னார். ஊசி தட்டைத் தொடுவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் தாழ்ந்த உறுமல் ஒன்று விடாமல் கேட்கிறது. பாட்டுத் தொடங்கிய பின்னரோ மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்பதே இல்லை. “தம்பி, தனியாவர்த்தனத்திலை வலந்தலை மட்டும்தான் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். உறுமலை அடக்குவதற்காகப் பெட்டியைச் சுற்றிச் செப்புத் தகடு ஒரு சுற்றும், அதன் மேல் சமையலறை அலுமினியத் தாள் பல சுற்றும் ஏற்கெனவே போர்த்தப்பட்டிருந்தன. எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் நம்மவர்கள் முதலில் தேடிப் போவது, ட்ரான்ஸ்போமரை உள்ளே வைத்து மூடும் உலோகக் காந்தக் காப்புப் பேணியைத்தான். அது வரிசையில் கடைசியாக வரவேண்டியது என்பதே இந்த வேலையில் நான் உறுதியாகக் கொண்டிருக்கும் கருத்து. அகணி (சுருள்களின் நடுவே செல்லும் தகட்டடுக்கு) எந்த உலோகம், சுருள்கள் எந்த அமைப்பில் சுற்றப்பட்டிருக்கின்றன, ட்ரான்ஸ்போமர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் சரியாக அமைந்த பிறகுதான் பேணி தன் வேலையைச் செய்ய முடியும். அவை பிழைத்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேணியும் பாதி வேலைதான் செய்யும்.

சமிக்ஞையின் அளவு

டிஎல்-103 காட்ரிஜ் ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் தேவைக்காக 1962இல் உருவாக்கப்பட்டது. அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ற், உட்தடங்கல் 40 ஓம். இசைத்தட்டுச் சமிக்ஞையைப் பெருக்கும் போனோ அம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடை வழக்கமான 47 கிலோ ஓம். 1:10 என்ற விகிதத்தில் சுற்றிய ட்ரான்ஸ்போமர் அந்த 47 கிலோ ஓமை நூறால் வகுத்து, 470 ஓம் என்ற சுமையாகக் காட்ரிஜுக்குக் காட்டுகிறது. காட்ரிஜுக்கு இது ஏற்ற சுமை. ஆகவே விகிதத்தில் பிழையில்லை.

சிக்கல் சமிக்ஞையின் சிறுமையில் இருக்கிறது. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள 240 சுற்றுச் சுருளொன்றை எடுத்துக்கொள்வோம். அதனூடாக 50 ஹேர்ட்ஸில் ஆடும் 1 மைக்ரோ ரெஸ்லா காந்தப்புலம் செல்லுமானால், அகணி எதுவும் இல்லாத நிலையிலேயே அதில் ஏறத்தாழ 7.5 மைக்ரோவோல்ற் தூண்டப்படும். வீட்டு மின்சாதனம் ஒன்றின் அருகில் இந்த அளவு புலம் இருப்பது புதுமையல்ல. 300 மைக்ரோவோல்ற் சமிக்ஞையோடு ஒப்பிட்டால் இது 32 டெசிபெல் மட்டுமே கீழே நிற்கிறது. இதற்கு மேல் ஆர்ஐஏஏ சமப்படுத்தல் ஒன்று உண்டு. இசைத்தட்டு வெட்டப்படும்போது தாழ்ந்த ஒலிகள் குறைத்தே வெட்டப்படுவதால், போனோ அம்பிளிபயர் அவற்றை மீண்டும் தூக்கிக்கொடுக்கிறது. 1 கிலோஹேர்ட்ஸோடு ஒப்பிடுகையில் 50 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ 17 டெசிபெலும், 100 ஹேர்ட்ஸ் 13 டெசிபெலும் கூடுதலாக உயர்கின்றன. நமது வீட்டு மின்சாரத்தின் மீடிறனே (செக்கனுக்கு ஆடும் தடவை, 50 ஹேர்ட்ஸ்) அந்த உயர்த்தலின் உச்சிக்கு அருகில் வந்து விழுகிறது. 32 டெசிபெல் என்ற இடைவெளி 15 ஆகச் சுருங்கிவிடும். அகணி புலத்தைத் தன்பால் இழுத்துச் சேர்ப்பதையும் கணக்கிலெடுத்தால் அந்த 15உம் மிஞ்சாது.

குறையைப் பிரித்தறிதல்

முதலில் காட்ரிஜைக் கழற்றிவிட்டு, அதன் வயர்கள் வந்து சேரும் செருகியில் 39 ஓம் தடையொன்றை வைத்துப் பற்றாசு பிடித்தேன். ட்ரான்ஸ்போமரைப் பொறுத்தவரை முன்னே இருப்பது காட்ரிஜா தடையா என்பதில் வேறுபாடில்லை. உறுமல் அப்படியே இருந்தது. எனவே காட்ரிஜிலும் அதைத் தாங்கும் டேர்ன்டேபிள் கையின் உள்வயர்களிலும் குறையில்லை. அடுத்து, பெட்டியை மேசையிலிருந்து தூக்கிக் கையில் வைத்தபடி மெல்லத் திருப்பினேன். ஒரு திசையில் உறுமல் வெகுவாகத் தணிந்து, கால் வட்டம் திருப்பியதும் உச்சத்துக்கு ஏறியது. காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. புவித்தொடுப்புக் கோளாறுக்குத் திசை கிடையாது. இந்த ஒரு சோதனைக்குச் செலவேதுமில்லை. ஆனால் இது கொடுக்கும் விடையில் ஐயத்துக்கு இடமில்லை என்பதால், எந்த உறுமல் வழக்கிலும் இதையே முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

கணினியில் ஓடாசிட்டி மென்பொருளைத் திறந்து மீடிறன் நிறமாலையைப் பார்த்தபோது 50, 150, 250 ஹேர்ட்ஸ் கோடுகள் உயர்ந்து நின்றன. ஒற்றைப்படை மடங்குகள் இப்படி வருவது இரும்பு அகணியுள்ள மின்வழங்கல் ட்ரான்ஸ்போமர் ஒன்றிலிருந்து கசியும் புலத்தின் அடையாளம். 100 ஹேர்ட்ஸிலும் ஒரு சிறு கோடு இருந்தது; அதற்குப் பின்னர் வருகிறேன். வீட்டுக்காரர் ஐயுற்றது கடற்கரை ரயில் பாதையை. ஆனால் அந்தப் பாதையில் ஓடுபவை டீசல் இயந்திரங்கள். மேலே மின்கம்பி இல்லை. குற்றவாளி அறைக்குள்ளேயே இருந்தது: அம்பிளிபயரின் மின்வழங்கல் ட்ரான்ஸ்போமர். அம்பிளிபயர் அலுமாரியின் கீழ்த்தட்டிலும் ட்ரான்ஸ்போமர் பெட்டி அதற்கு நேர் மேலே மேல்தட்டிலும் வைக்கப்பட்டிருந்தன. இடையில் ஒரு சாண் தூரம் கூட இல்லை.

போர்த்திய செப்பும் அலுமினியமும் ஏன் உதவவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இந்தத் தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. செப்பினுள் நுழையும் ஆடற்புலம் மூன்றிலொரு பங்கு அளவுக்குத் தேய்வதற்குக் கடக்க வேண்டிய ஆழம், 50 ஹேர்ட்ஸில் 9.3 மில்லிமீற்றர், அலுமினியத்தில் அதைவிடக் கூடுதல். அரை மில்லிமீற்றர் செப்புத் தகடும் சமையலறைத் தாளும் அந்தப் புலத்துக்குத் தடையே அல்ல. செல்பேசி, வானொலி அலைகள் போன்ற உயர் மீடிறன்களையும் மின்புலத்தையும் அவை நன்றாக நிறுத்தும். காந்த உறுமலுக்கு அவை மருந்தல்ல.

இரண்டாவது குறையான தாழ்ஒலி இழப்புக்கு விடை அகணியில் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை, பழைய வால்வ் ரேடியோக்களின் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர்களில் வரும் சிலிக்கன் உருக்குத் தகடுகள். காட்ரிஜோடு இணையும் முதற்சுருளின் தூண்டற்றிறனை (ஓட்ட மாற்றத்தை எதிர்க்கும் இயல்பை) தாழ்ந்த மட்டத்தில் அளந்தால் சுமார் 75 மில்லிஹென்றி வந்தது. காட்ரிஜின் 40 ஓமும் 470 ஓம் சுமையும் சமாந்தரமாகச் சேர்ந்து 37 ஓம் ஆகின்றன. 37 ஓமுக்கு 75 மில்லிஹென்றி என்றால் 78 ஹேர்ட்ஸிலேயே சமிக்ஞை 3 டெசிபெல் இறங்கிவிடும், அதற்குக் கீழே தொடர்ந்து சரியும். தொப்பியின் முழக்கம் அங்கேதான் தொலைந்தது. சிலிக்கன் உருக்கு தரங்குறைந்த உலோகம் அல்ல. ஒலிபெருக்கியை ஓட்டும் பெரிய ட்ரான்ஸ்போமருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை, ஏனெனில் நிரம்புவதற்கு முன் 2 ரெஸ்லாவை அண்மித்த பாய அடர்த்தியை அது தாங்கும். ஆனால் ஒரு ரெஸ்லாவின் ஆயிரத்திலொரு பங்கைக் கூட எட்டாத இந்தச் சமிக்ஞைக்கு அது ஏறத்தாழ உறங்கியே கிடக்கிறது. இவ்வளவு சிறிய புலத்தில் காந்தப் பாயத்தை எளிதில் தன்னுள் விடும் இயல்பு வேண்டும். அந்த உட்புகவிடுமியல்பு சிலிக்கன் உருக்கில் இந்த மட்டத்தில் ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறது.

அகணி

மியூமெட்டல் என்ற கலப்புலோகத்தை 1923இல் வில்லோபி ஸ்மித், ஹென்றி கார்னெற் ஆகிய இருவரும் லண்டனில் உருவாக்கினார்கள். கடலடித் தந்திக் கம்பிகளில் சமிக்ஞை மங்காமல் செல்வதற்கு அவற்றைச் சுற்றிப் போர்த்துவதே அதன் முதல் நோக்கம். ஏறத்தாழ 77 வீதம் நிக்கல், மீதியில் பெரும்பகுதி இரும்பு, அதனோடு செப்பும் பிற உலோகங்களும் சிறிதளவு. சிறு புலங்களில் அதன் உட்புகவிடுமியல்பு பல பத்தாயிரங்களில் இருக்கும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் கேட்ட கடைகளில் இந்தத் தகடு கிடைக்கவில்லை. ‘ப’ வடிவத் தகடும் அதை மூடும் நேர்த் தகடும் கொண்ட, யூஐ-30 என்று குறிக்கப்படும் வகையை, வெப்பப் பதனம் முடித்த நிலையில் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்தேன். பதனம் முடித்தது என்பது முக்கியம். இந்த உலோகம் ஐதரசன் சூழலில் 1,100 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்துத் தணிக்கப்பட்ட பிறகே தன் முழு இயல்பையும் பெறுகிறது. அதன் பின்னர் வளைத்தாலோ, வெட்டினாலோ, சீமெந்துத் தரையில் விழுந்து அடிபட்டாலோ, பெற்றதில் பெரும்பங்கை இழந்துவிடும். நமது பட்டறைகளில் அப்படியொரு உலை இல்லை. ஆகவே தகட்டை வாங்கிக் கத்தரித்து வளைத்துப் பேணி செய்யலாம் என்ற யோசனைக்கு இடமே இல்லை. செய்த பொருளையே வாங்க வேண்டும்.

யூஐ-30இல் கால் ஒவ்வொன்றும் 10 மில்லிமீற்றர் அகலம். காந்தப் பாதையின் நீளம் 120 மில்லிமீற்றர். தகடுகளை 10 மில்லிமீற்றர் உயரத்துக்கு அடுக்கினேன். அடுக்கும்போது ஒரு தகட்டின் வாய் மேலேயும் அடுத்ததன் வாய் கீழேயும் வருமாறு ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடுக்க வேண்டும். இங்கே சோம்பலுக்கு இடங்கொடுத்து இரண்டிரண்டாக அடுக்குபவர்கள் உண்டு. தகட்டின் உட்புகவிடுமியல்பு 40,000 என்றிருக்க, 120 மில்லிமீற்றர் பாதையில் மொத்தம் 0.003 மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தாலே அகணியின் பயன்படு மதிப்பு பாதியாகி 20,000 ஆகிவிடும். ஒரு தூசு, தகட்டின் விளிம்பில் ஒட்டிய ஒரு துளி மெழுகு, அதற்குப் போதும். எனவே தகடுகளைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் தள்ளி வாய்கள் முட்டுவதை உறுதிசெய்தே அடுத்ததை வைத்தேன். தட்டி இறுக்குவதற்குச் சுத்தியலைக் கையில் எடுக்கவே கூடாது.

முதற்சுருள் மொத்தம் 240 சுற்று, வெளியீடு தரும் துணைச்சுருள் 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டேன். பயன்படு மதிப்பு 20,000 என்ற அளவில் 240 சுற்று ஏறத்தாழ 1.1 ஹென்றி தரும். அப்போது 3 டெசிபெல் இறக்கம் 5 ஹேர்ட்ஸை ஒட்டி நிற்கும். 20 ஹேர்ட்ஸுக்கும் கீழே இவ்வளவு இடம் விட்டுவைப்பது ஆடம்பரமல்ல. தாழ்ஒலி முடியும் இடத்துக்கு அருகில் அகணியின் திரிபு கூடும். அந்த எல்லையைப் பாட்டிலிருந்து தள்ளிவைப்பதே நோக்கம்.

சுற்றுதல்

‘ப’ வடிவ அகணியைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த வேலையின் இதயம் அதுதான். நடுக்காலில் ஒரே பொபினாக (கம்பி சுற்றும் சட்டம்) சுற்றும் பழைய முறையில், வெளியிலிருந்து வரும் புலம் முழுவதையும் அந்த ஒரே சுருள் வாங்கிக்கொள்கிறது. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரியான இரண்டு பொபின்களை ஏற்றினால் நிலைமை மாறுகிறது. சமிக்ஞையின் காந்தப் பாயம் அகணியைச் சுற்றி ஓடுவது. ஒரு காலில் மேலே ஏறினால் மற்றக் காலில் கீழே இறங்கும். அறையிலிருந்து வரும் புலமோ இரண்டு கால்களிலும் ஒரே திசையில் செல்லும். ஒரே திசையில் சுற்றி ஒரே பக்கமாக ஏற்றிய இரண்டு சுருள்களின் முடிவு முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, தொடக்க முனைகளை வெளியே எடுத்தால், சமிக்ஞைகள் கூடும், அறைப் புலம் தூண்டியவை ஒன்றையொன்று கழித்துவிடும். எந்த உலோகக் காப்பும் இல்லாமல் கிடைக்கும் காப்பு இது. இரண்டு பக்கமும் சுற்றுகளின் எண்ணிக்கை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கழிவும் முழுமையாகும். ஆகவே எண்ணிக்கையில் ஒரு சுற்றுக்கூடப் பிசகக் கூடாது.

சுற்றும் பொறி எளிமையானது: மேசையில் பூட்டிய கைத்துளைக்கருவி, அதன் வாயில் பொபினின் உட்துளைக்கு அளவாகச் செதுக்கிய பலா மரக்கட்டை. அச்சில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் ரீட் சுவிட்ச் ஒன்றைத் தொடுவிக்கும். அந்தச் சுவிட்ச் சாதாரண கல்குலேட்டர் ஒன்றின் சமன் விசையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, கூட்டல் என அழுத்திவிட்டுத் தொடங்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று ஏறும்.

துணைச்சுருளுக்கு, கம்பித் தடிப்பைக் குறிக்கும் எஸ்டபிள்யூஜி அளவில் 42 எண் கம்பி, அதாவது 0.1 மில்லிமீற்றர். முதற்சுருளுக்கு 28 எஸ்டபிள்யூஜி. இரண்டாவது வகை, மோட்டர் வைண்டிங் செய்பவர் எவரிடமும் இருக்கும். முதலாவதைத் தேட வேண்டும். ஒரு ட்ரான்ஸ்போமருக்கு அதில் ஏறத்தாழ 140 மீற்றர் செல்கிறது, நிறையோ வெறும் 10 கிராம். இந்தக் கம்பி 180 கிராம் அளவு இழுவையிலேயே அறுந்துவிடும். அறுவதற்கு முன் நீண்டு மெலிவது அதைவிட மோசம், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு கம்பளித் துண்டுகளுக்கிடையே கம்பியைச் செலுத்தி, இழுவையை 60 கிராமுக்குள் வைத்துக்கொண்டேன். விரல்களுக்குப் பருத்திக் கையுறை அணிந்தேன். கடற்காற்றில் வேலைசெய்யும் கையின் வியர்வை உப்பு எனாமலின் நுண்துளையொன்றில் தங்கினால், சில மழைக்காலங்களுக்குப் பின்னர் அந்த இடத்தில் செம்பு பச்சை பிடித்து அறுந்துபோகும். பழுதாகி வரும் பழைய மைக் ட்ரான்ஸ்போமர்களைப் பிரித்தால் அந்தப் பச்சைப் புள்ளியைக் காணலாம்.

ஒவ்வொரு பொபினிலும் வரிசை இதுதான். அடியில் அந்தப் பொபினுக்குரிய துணைச்சுருளின் பாதி: அடுக்குக்கு 200 சுற்று வீதம் மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே மெல்லிய காகிதம் ஒன்று. அதன் மேல் செப்புத் திரை. அதன் மேல் முதற்சுருள், அடுக்குக்கு 60 சுற்று வீதம் இரண்டு அடுக்கு. மீண்டும் செப்புத் திரை. எல்லாவற்றுக்கும் மேலே துணைச்சுருளின் மற்றப் பாதி. முதற்சுருளைத் துணைச்சுருளின் இரு பாதிகளுக்கும் நடுவில் வைப்பதால், ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றுவதோடு ஒப்பிடுகையில் கசிவுத் தூண்டற்றிறன் ஏறத்தாழ நான்கிலொன்றாகிறது. உயர் ஒலிகள் மழுங்காமலும் பரிவுக்குட்பட்டுக் கூர்ந்து எழாமலும் இருப்பதற்கு அது வேண்டும்.

செப்புத் திரை 0.05 மில்லிமீற்றர் தாள், ஒரே ஒரு சுற்று. அதன் இரு முனைகளும் ஐந்து மில்லிமீற்றர் அளவு ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம், ஆனால் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் பொலியெஸ்டர் நாடா இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அது குறுக்கிணைந்த ஒரு சுற்றாகிச் சமிக்ஞையில் ஒரு பங்கை விழுங்கிவிடும். திரைக்கும் துணைச்சுருளுக்கும் நடுவில் 0.2 மில்லிமீற்றர் காகிதம் வைத்தேன். அப்போது முகமொன்றுக்குக் கொள்ளளவம் சுமார் 170 பிகோஃபரட். இரண்டு பொபின்களின் நான்கு முகங்களையும், வயரின் கொள்ளளவத்தையும் முழுமையாகச் சேர்த்தாலும், 4 கிலோ ஓம் அளவான மூலத்தடையோடு உயர் எல்லை 50 கிலோஹேர்ட்ஸை ஒட்டியே வருகிறது. இவ்வளவு தாழ்ந்த தடையுள்ள காட்ரிஜுக்குத் திரை கட்டாயமா என்று கேட்கலாம். கட்டாயமில்லை. ஆனால் எல்ஈடி விளக்குகளும் செல்பேசிச் சார்ஜர்களும் நிறைந்த இன்றைய வீட்டில், முதற்சுருளின் இரு முனைகளிலும் ஒருசேர ஏறிவரும் உயர் மீடிறன் இரைச்சல் துணைச்சுருளுக்குத் தாவாமல் புவிக்கு இறங்க ஒரு வழி இருப்பது நல்லது.

சுற்றி முடித்த பொபின்களை அகணியில் ஏற்றுவதற்கு முன், மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றி, தேன்மெழுகும் பரபின் மெழுகும் கலந்து உருக்கியதில் அமிழ்த்தி எடுத்தேன். வார்னிஷை அகணி மேல் ஊற்றுவது நம்மிடையே வழக்கம். மியூமெட்டலுக்கு அது ஆகாது. வார்னிஷ் இறுகும்போது தகட்டை அழுத்துகிறது, அழுத்தம் அதன் இயல்பைக் குறைக்கிறது.

துணைச்சுருள்களின் தடை 300 ஓமை ஒட்டியும், முதற்சுருளினது 2 ஓமை ஒட்டியும் அமைந்தன. 300ஐ நூறால் வகுத்து முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 5 ஓம். காட்ரிஜின் 40 ஓமோடு ஒப்பிட்டால், வெப்ப இரைச்சலில் இது சேர்ப்பது அரை டெசிபெல் மட்டுமே. வெளியீடு சுமார் 2.7 மில்லிவோல்ற்.

இந்தத் தடைகளை அளந்தது தகடுகளை ஏற்றுவதற்கு முன்பு. அகணி ஏறிய பின்னர் மல்டிமீற்றரை முதற்சுருளில் வைக்கக் கூடாது. தாழ்ந்த ஓம் அளவுகளில் மீற்றர் ஒரு மில்லிஅம்பியர் அளவு நேரோட்டத்தைச் செலுத்தும். 240 சுற்றில், 120 மில்லிமீற்றர் பாதையில், அது மீற்றருக்கு 2 அம்பியர் என்ற காந்தப்புலச் செறிவு. மியூமெட்டலை நிலையாகக் காந்தமாக்கிவிட அதுவே போதும். அப்படி நேர்ந்துவிட்டால், கணினியிலிருந்து 20 ஹேர்ட்ஸ் ஒலியைத் தடையொன்றினூடாகச் செலுத்தி, பின்னர் அதன் மட்டத்தை மிக மெதுவாகப் பூச்சியத்துக்கு இறக்கினால் காந்தம் நீங்கும். தூண்டற்றிறனை 1 கிலோஹேர்ட்ஸில் அளக்கும் மலிவான மீற்றர்களையும் இங்கே நம்ப முடியாது. அந்த மீடிறனில் தகட்டுக்குள் எழும் சுழிப்போட்டம் அளவைக் குறைத்துக் காட்டும். 39 ஓம் தடையோடு இணைத்து, மீடிறனைக் கீழே கொண்டுபோய், சமிக்ஞை 3 டெசிபெல் இறங்கும் இடத்தைப் பார்ப்பதே சரியான வழி.

காப்பும் இடமும்

பேணியை ஏற்றுவதற்கு முன்பே கழிவைச் சோதித்தேன். மின்வழங்கல் ட்ரான்ஸ்போமர் ஒன்றை ஒரு முழ தூரத்தில் வைத்து, முதலில் ஒரு பொபினின் துணைச்சுருளை மட்டும், பின்னர் இரண்டையும் இணைத்து அளந்தபோது, உறுமல் 30 டெசிபெல் அளவு விழுந்தது. புல மூலத்தை மிக அருகில் கொண்டுவந்தால் இந்தக் கழிவு கெடுகிறது, ஏனெனில் அப்போது இரு கால்களிலும் புலம் ஒரே அளவாக இருப்பதில்லை. இரட்டைப் பொபின் அமைப்பும் தூரமும் ஒன்றுக்கொன்று துணை என்பது இதிலிருந்து தெரிகிறது.

மியூமெட்டல் பேணி புலத்தை நிறுத்துவதில்லை. கூரையில் விழும் மழையைப் பீலி வாங்கித் திண்ணைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதைப் போல, பாயத்தைத் தன் சுவரினூடாக ஏந்திக்கொண்டு போய் மறுபக்கத்தில் விடுகிறது. சுவர் தடிப்பை உட்புகவிடுமியல்பால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் அது எத்தனை மடங்கு குறைக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 0.5 மில்லிமீற்றர் சுவரும், 60 மில்லிமீற்றர் விட்டமும், 20,000 என்ற மதிப்பும் ஏறத்தாழ 167 மடங்கைத் தருகின்றன, 44 டெசிபெல். கையிற் கிடைத்தது 30ஐ ஒட்டியதே. பேணிக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள பொருத்தில் பாயம் தாவ வேண்டியிருப்பது அதற்குக் காரணம். மூடி ஆழமாக இறங்கிப் பேணியின் சுவரை மேலணைத்துக்கொள்ளும் வகையை வாங்க வேண்டும். மேலே வெறுமனே வைத்து மூடும் தட்டை மூடி பயன்படாது. வலப்பக்கச் சமிக்ஞைக்கும் இடப்பக்கச் சமிக்ஞைக்கும் தனித்தனிப் பேணிகள் வைத்தேன். அவற்றைச் சுற்றி நுரைத்தாள் பொதிந்து, இரண்டையும் மெல்லிரும்புப் பெட்டியொன்றினுள் அடக்கினேன். வெளியிலுள்ள இரும்பு வலுவான புலத்தைத் தணித்து மியூமெட்டல் நிரம்பிவிடாமல் காக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் காப்பில் ஒரு பங்கு வகிக்கிறது.

இடமாற்றத்துக்குச் செலவில்லை. இத்தகைய மூலத்திலிருந்து விலகும்போது புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது; தூரம் இரட்டித்தால் எட்டிலொன்று, அதாவது 18 டெசிபெல். அம்பிளிபயரை அலுமாரியின் மறுகோடிக்கு மாற்றி, ட்ரான்ஸ்போமர் பெட்டியை டேர்ன்டேபிளின் பின்புறம், அதன் மோட்டர் இல்லாத பக்கத்தில் வைத்தோம். ஐயா அலுமாரியின் ஒழுங்கு குலைவதை முதலில் விரும்பவில்லை. பெட்டியைப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் வைத்து அவர் காதாலேயே கேட்கவைத்த பின்னர் ஒப்புக்கொண்டார். பெட்டியை மெல்லத் திருப்பி உறுமல் மிகக் குறையும் கோணத்தில் நிறுத்தினேன்.

மீதி நின்ற 100 ஹேர்ட்ஸ் கோடு காந்தத்தால் வந்ததல்ல. பெட்டியைத் திருப்பினாலும் அது மாறவில்லை. மடிக்கணினி அடுத்த அறையின் செருகியிலிருந்தும் அம்பிளிபயர் இந்த அறையின் பழைய வட்டமுனைச் செருகியிலிருந்தும் மின்னைப் பெற்றன. பதிவு வயரின் உறை அந்த இரு புவித்தொடுப்புகளையும் பாலம்போல இணைத்துவிட்டது. இரண்டையும் ஒரே செருகிப் பலகைக்கு மாற்றியதும் கோடு மறைந்தது. ட்ரான்ஸ்போமரின் அகணிகள், செப்புத் திரைகள், பேணிகள், வெளிப்பெட்டி, டேர்ன்டேபிளின் கையிலிருந்து வரும் பச்சை வயர் ஆகிய எல்லாம் போனோ அம்பிளிபயரின் புவித்தொடுப்பு முனை ஒன்றிலேயே சேர்கின்றன. வேறெங்கும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை.

இப்போது தட்டின் தொடக்கத்திலுள்ள வெற்றுப் பள்ளத்தில் ஊசி ஓடும்போது எழும் இரைச்சலுக்குக் கீழே 50 ஹேர்ட்ஸ் கோடு அமிழ்ந்துவிட்டது; நிறமாலையில் தேடினால்தான் தெரிகிறது. 20 கிலோஹேர்ட்ஸ் வரை எழுச்சியோ சரிவோ காணப்படவில்லை. இரு பக்கங்களின் மட்டமும் கால் டெசிபெலுக்குள் ஒத்திருக்கின்றன. தொப்பி கேட்கிறது. பெட்டியின் மூடியில் இரண்டு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: கீழே போடக் கூடாது, ஓம் மீற்றரால் தொடக் கூடாது.